ஊர்த் தொடக்கப்பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஐந்து வயதுப் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஏப்ரல், மே வந்தால் இந்தப் பேச்சுதான் ஓடும். ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மாநகராட்சி நடத்தும் தொடக்கப்பள்ளிகளைப் பற்றி, அதாவது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை, மற்ற பெற்றோர் என்னிடம் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. என் பிள்ளைகள் ஒன்றியப் பள்ளியில்தான் படித்தார்கள். பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருந்திருக்கிறேன். எனக்கு இந்தப் பள்ளிகள் மேல் பற்று உண்டு. அதற்காக எல்லா அரசுப் பள்ளியும் நல்ல பள்ளி என்று சொல்ல மாட்டேன்.

ஒரே பள்ளியை ஒருத்தர் அருமை என்கிறார், இன்னொருத்தர் அங்கே மட்டும் போடாதீங்க என்கிறார். யாரை நம்புவது?

பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் இருவரும் ஒரே பள்ளியைப் பற்றிப் பேசவில்லை.

நம் ஊர்ப் பள்ளிகளில் பெரும்பாலானவை சின்னப் பள்ளிகள். இரண்டு ஆசிரியர் இருக்கும் பள்ளியில் ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளைப் பார்ப்பார். மற்றவர் நான்கு, ஐந்தைப் பார்ப்பார். அப்படியென்றால் ஒரு குழந்தை முதல் மூன்று வருடமும் ஒரே டீச்சரிடம் இருக்கிறது. அந்த டீச்சர் மனம் வைத்துச் சொல்லிக்கொடுப்பவராக இருந்தால் அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு அது தங்கமான பள்ளி. நாலாம் வகுப்பு டீச்சர் நீண்ட விடுப்பில் போய்விட்டு, மாற்றுப்பணியில் யாரோ வாரத்துக்கு இரண்டு நாள் வந்து போனால், அந்த வகுப்புப் பிள்ளையின் அப்பாவுக்கு அது உருப்படாத பள்ளி. நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர்.

இன்னொன்று, ஊரில் சுற்றும் அபிப்பிராயங்கள் பழையவை. "என் அண்ணன் பையன் படிச்சப்போ வாத்தியார் தூங்குவார்" என்று சொல்வார்கள். அண்ணன் பையனுக்கு இப்போது கல்யாணமே ஆகியிருக்கும். அந்த வாத்தியார் ஓய்வு பெற்றோ பணியிட மாற்றக் கலந்தாய்வில் வேறு ஊராட்சி ஒன்றியத்துக்குப் போயோ பல வருடம் ஆகியிருக்கும்.

அதனால் யாராவது ஒரு பள்ளியைப் பற்றிச் சொன்னால் நான் கேட்பது இதைத்தான்: உங்கள் பிள்ளை எந்த வகுப்பு, எந்த வருடம், டீச்சர் யார், நீங்களே பார்த்ததா, கேள்விப்பட்டதா? இதற்குப் பதில் சொல்லக்கூடியவரின் பேச்சை, நல்லதோ கெட்டதோ, காது கொடுத்துக் கேளுங்கள். மற்றவர்கள் சொல்வதை விட்டுவிடுங்கள்.

அப்படியானால் பள்ளியை நானே எப்படிப் பார்ப்பது?

சேர்க்கைக்கு முன்னால் ஒரு வேலை நாளில், காலை பத்தரை மணி வாக்கில் போங்கள். பிள்ளையைச் சேர்க்க யோசிக்கிறேன் என்று தலைமை ஆசிரியரிடம் சொன்னால் பெரும்பாலும் உட்காரவைத்தே பேசுவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் அவர்களுக்கு முக்கியம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பெயிண்டையும் சுவர் ஓவியத்தையும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். பல பள்ளிகளில் சுவரை ஒட்டித் தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில் கரும்பலகை ஓடும். பிள்ளை தானே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறை இருந்த காலத்தில், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தபடியே எழுதுவதற்காகப் போட்டது. அதில் சாக்பீஸ் எழுத்து இருக்கிறதா, அதுவும் பிள்ளைகளின் கோணல் எழுத்தா என்று பாருங்கள். பிறகு ஏதாவது ஒரு பிள்ளையின் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். சிவப்பு மையில் சரி போட்டிருப்பது பெரிய விஷயமில்லை. பிழையாக எழுதிய சொல்லைத் திருத்தியிருக்கிறார்களா, திருத்தியதைப் பிள்ளை மறுபடி எழுதியிருக்கிறதா, தேதிகள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா? ஒரு நோட்டில் "பள்லி" என்று எழுதியிருந்ததன் கீழே டீச்சர் "பள்ளி" என்று எழுதி, அதற்குக் கீழே குழந்தை அதே சொல்லை ஒரு வரி முழுக்க எழுதியிருந்ததைப் பார்த்தேன். அந்த வகுப்பைப் பற்றி எனக்கு வேறு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை வசதி போன்றவை ஒன்றிய அரசின் யூடைஸ் பிளஸ் (UDISE+) இணையதளத்தில் பள்ளிவாரியாக இருக்கின்றன. போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர். எப்படிப் பாடம் நடக்கும்?

இது நியாயமான பயம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு, 121 முதல் 200 வரை ஐந்து. கணக்கு எல்லாம் பிள்ளைகளின் தலையை எண்ணித்தான், வகுப்பை எண்ணி அல்ல. அதனால் 35 பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் ஐந்து வகுப்பு இருந்தாலும் இரண்டு ஆசிரியர்தான்.

பல வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது தனிக்கலை. ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் பார்த்த முறையை 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்து, பிறகு மாநிலம் முழுக்கப் பரப்பினார்கள். மேலே சொன்ன செயல்வழிக் கற்றல் அதுதான், அட்டைகளும் ஏணிப்படிகளுமாகப் பிள்ளை தன் வேகத்தில் முன்னேறும் முறை. இன்றைக்கு அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் ஒன்று முதல் மூன்று வரை சேர்த்து நடத்துவதற்கு ஏற்றபடிதான் பாடங்கள் அமைந்திருக்கின்றன. பழகிய ஆசிரியர் கையில் இது நன்றாகவே நடக்கும். சின்னப் பிள்ளை பெரிய பிள்ளையைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்ளும்.

சிக்கல் வேறு இடத்தில். இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ மருத்துவ விடுப்பிலோ போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் மேய்க்க வேண்டும். அன்றைக்குப் பாடம் இல்லை, காவல்தான். அதனால் "எத்தனை ஆசிரியர்" என்று மட்டும் கேட்காமல், "ஒருத்தர் வராத நாளில் என்ன செய்வீங்க" என்றும் கேளுங்கள். நல்ல தலைமை ஆசிரியரிடம் இதற்குத் தயாரான பதில் இருக்கும்.

பிள்ளைகள் குறைவு என்றால் என் பிள்ளைக்குக் கவனிப்பு அதிகம் கிடைக்கும் அல்லவா?

ஓரளவு வரைதான். அதற்குக் கீழே போனால் பள்ளியே ஆட்டம் காண ஆரம்பிக்கும்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம் செய்கிறார்கள். 63 பேர் இருந்த பள்ளியில் நாலு குடும்பம் தனியார் பள்ளி வேனுக்கு மாறினால் எண்ணிக்கை 59. மூன்றாவது ஆசிரியர் உபரி ஆகிவிடுவார். பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். மிச்சம் இருவர் ஐந்து வகுப்பைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அடுத்த மே மாதம், "மூணு டீச்சர் இருந்தாங்க, இப்ப ரெண்டுதான், பள்ளி சரியில்லை" என்று இன்னும் சில குடும்பம் போகும். பள்ளி சரியில்லை என்பதால் பிள்ளைகள் போனார்களா, பிள்ளைகள் போனதால் பள்ளி சரியில்லாமல் ஆனதா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

உங்கள் பிள்ளையைப் பணயம் வைத்து ஊர்ப் பள்ளியைக் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கு தெரிந்தால் வேறு வழி ஒன்று இருப்பது புரியும். ஒரே தெருவில் நாலைந்து வீட்டார் சேர்ந்து பேசி முடிவெடுத்தால், அந்த முடிவே ஒரு ஆசிரியரின் பணியிடத்தை நிறுத்திவைக்கும். பல ஊர்களில் இளைஞர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து வீடு வீடாகப் போய்ச் சேர்க்கை கேட்பது இதற்காகத்தான்.

அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே வாசிக்கத் தெரியவில்லை என்கிறார்களே, உண்மையா?

பல பிள்ளைகள் விஷயத்தில் உண்மை. மழுப்பிப் பயனில்லை.

பிரதம் என்ற தொண்டு அமைப்பின் ஏசர் (ASER) ஆய்வில் வீட்டுக்கே போய், பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு வந்த 2022 அறிக்கையில், கிராமப்புறத் தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பத்தியைச் சரளமாக வாசித்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேரை ஒட்டித்தான் இருந்தார்கள். 2018-லேயே அது பத்துப் பேர் அளவில்தான் இருந்தது. 2024 அறிக்கையில் நிலைமை தேறியிருக்கிறது. பழைய எண்ணிக்கை அரசுப் பள்ளிகளுக்கு மட்டும் உரியது அல்ல. தனியார் பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. வேனில் போய் வருவதால் மட்டும் வாசிப்பு வந்துவிடாது.

இந்தக் குறையை ஒப்புக்கொண்டுதான் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டத்தை ஆரம்பித்தார்கள். முதலில் ஒன்று முதல் மூன்று, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் 2025-க்குள் எட்டு வயதில் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது இலக்கு.

மாநிலப் புள்ளிவிவரம் உங்கள் பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். பாடப்புத்தகத்தை எடுக்காதீர்கள், பிள்ளைகள் அதை மனப்பாடமாகவே ஒப்பிக்கும், விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் வேறு வரியில் இருக்கும். பிள்ளை பார்த்திராத ஒன்றைக் கொடுங்கள். முதலில் தனி எழுத்து: ழ, ண, ஞ. பிறகு சின்னச் சொற்கள்: வண்டி, கொக்கு, மழை. அது வந்தால் எளிதான நாலு வரி. அதுவும் வந்தால் ஒரு குட்டிக் கதை. கொ, கோ, கௌ போன்ற இரண்டு பக்கமும் குறி வரும் எழுத்துகளில் பிள்ளை தயங்குகிறதா என்று கவனியுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் சிக்கும் இடம் அதுதான். வாசித்து முடித்ததும் "கொக்கு என்ன செஞ்சுச்சு?" என்று கேளுங்கள். சத்தமாக வாசித்துவிட்டு, என்ன வாசித்தோம் என்று தெரியாமல் விழிக்கும் பிள்ளைகள் உண்டு. மாதம் ஒருமுறை இதைச் செய்து, பிள்ளை எங்கே நின்றது என்று ஒரு காலண்டர் தாளில் குறித்துவையுங்கள். தரத்தைப் பற்றி உங்கள் வீட்டில் யாரும் சண்டை போட வேண்டியிராது. அந்தத் தாளே சொல்லும்.

என் பிள்ளையை "அரும்பு" குழுவில் வைத்திருக்கிறார்கள். மட்டமாக நினைக்கிறார்களா?

இல்லை. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளையின் இப்போதைய நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. அரும்பு என்றால் எழுத்தறிமுகத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று பொருள். பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து சொல்லிக்கொடுப்பதுதான் சரி. வகுப்புக்கான பாடத்தை நடத்திக்கொண்டே போனால் பின்தங்கிய பிள்ளை கடைசி வரை வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது அரும்பில் வைத்ததற்காக அல்ல, அரும்பிலேயே வைத்திருந்தால்தான். ஒரு பருவம் முடிந்ததும் "எந்த நிலைக்கு வந்திருக்கான்?" என்று டீச்சரிடம் கேளுங்கள். அங்கேயே இருக்கிறான் என்றால் அவனுக்கு எது வரவில்லை என்று கேளுங்கள். "படிக்கவே மாட்டேங்கிறான்" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். உயிர்மெய்யா, ஒற்றெழுத்தா, கழித்தலில் கடன் வாங்குவதா என்று தெரிந்துகொண்டு வாருங்கள்.

இங்கிலீஷ் வராதே?

பத்தில் எட்டுப் பேர் இந்த ஒரு கேள்விக்காகத்தான் வேன் ஏற்றுகிறார்கள். புருஷன் பொண்டாட்டிக்குள் வாக்குவாதம் வருவதும் இதில்தான். "நம்ம மாதிரி இவனும் நாலு பேர் முன்னாடி முழிக்கணுமா" என்று அப்பா கேட்பார். அந்த வலியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆபீஸ் கவுண்டரில், ஆஸ்பத்திரியில், பேங்கில் இங்கிலீஷ் தெரியாமல் நின்ற மனிதருக்குத் தான் என்ன கேட்கிறோம் என்று நன்றாகவே தெரியும்.

அரசுப் பள்ளிகளிலும் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் வர ஆரம்பித்தன. ஆனால் சின்னப் பள்ளியில் ஆங்கில வழிக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. அதே டீச்சர், அதே அறை, புத்தகம் மட்டும் வேறு. அதனால் "ஆங்கில வழி இருக்கா" என்று கேட்டுவிட்டு நிம்மதியாகிவிட வேண்டாம்.

என் கருத்து இது. ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளை தமிழில் தடையில்லாமல் வாசிக்கட்டும், எழுதட்டும், கேள்வி கேட்கட்டும். கூடவே ஆங்கிலத்தை ஒரு பாடமாக நன்றாகப் படிக்கட்டும். வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாத குழந்தைக்கு முதல் வகுப்பிலேயே சூழ்நிலையியலையும் கணக்கையும் ஆங்கிலத்தில் ஊற்றினால், கணக்கும் புரியாது, ஆங்கிலமும் வராது. "மை நேம் இஸ்" என்று நாலு வரி மடமடவென்று சொல்லும் பிள்ளையிடம் ஐந்தாவது வரி கேட்டுப் பாருங்கள்.

அதே சமயம் ஊர்ப் பள்ளியில் ஆங்கிலப் பாடம் ஒப்புக்கு நடந்தால் அதைச் சும்மா விடக் கூடாது. வாரத்தில் எத்தனை நாள் ஆங்கிலம் நடக்கிறது, பிள்ளைகள் வாய் திறந்து பேசுகிறார்களா, ஆங்கில எழுத்தின் ஒலியைச் சொல்லிக்கொடுக்கிறார்களா, பெயரை மட்டுமா என்று கேளுங்கள். இந்த விஷயத்தில் பெற்றோர் தரும் அழுத்தம் நல்ல அழுத்தம். மற்ற எதையும்விட இதைக் கேட்டால் பள்ளிகள் அசைகின்றன.

மெட்ரிக் பள்ளியில் பாடம் உயர்ந்தது அல்லவா?

தமிழ்நாட்டில் சமச்சீர் கல்வி 2010-11-இல் ஒன்று, ஆறாம் வகுப்புகளில் தொடங்கி, அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு வரை வந்தது. மெட்ரிக் பள்ளிக்கும் ஒன்றியப் பள்ளிக்கும் மாநிலப் பாடத்திட்டம் ஒன்றுதான். சில தனியார் பள்ளிகள் அதற்கு மேல் வெளிப் பதிப்பகப் புத்தகங்களையும் வாங்கவைக்கின்றன. பையின் கனம் கூடும்.

உண்மையான வித்தியாசம் வேறு. தனியார் பள்ளியில் மூன்றரை வயதிலேயே பிள்ளையை எடுத்துக்கொள்கிறார்கள். அரசு 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது 2,381 அங்கன்வாடி மையங்களில்தான் தொடங்கியது. மற்ற ஊர்களில் ஐந்து வயது வரை அங்கன்வாடிதான். பெற்றோர் அந்த இரண்டு வருடத்துக்காகத் தனியாரிடம் போய், அங்கேயே தங்கிவிடுகிறார்கள். அரசு இந்த ஓட்டையை அடைக்காதவரை ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை குறைவதைப் பார்த்து வருத்தப்பட்டுப் பயனில்லை.

காலையிலும் மதியமும் பள்ளியில் சாப்பாடு. சோறு போட்டுத்தான் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று உறவினர் பேசுகிறார்கள்.

பேசுகிறவர்கள் காலை ஆறு மணிக்கு நூறு நாள் வேலைக்கோ கம்பெனி பஸ்ஸுக்கோ கிளம்பும் அம்மாவிடம் கேட்டுப் பார்க்கட்டும். காமராஜர் 1956-இல் மதிய உணவைக் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவாக விரிவுபடுத்தினார். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க, ஏறத்தாழ 31,000 அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது.

உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார், மதியம் முட்டை. பசியோடு வரும் பிள்ளைக்கு முதல் இரண்டு பீரியட் பாடம் ஏறாது என்று எந்த டீச்சரும் சொல்வார். வீட்டில் நன்றாகச் சாப்பிடும் பிள்ளையும் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடட்டும். சாப்பாடு ருசியில்லை, தண்ணியாக இருக்கிறது என்றால் அதுவும் தரக்குறைவுதான், அதைச் சொல்லுங்கள். ஒருநாள் போய் நீங்களே ருசி பாருங்கள்.

"அங்கே எந்த மாதிரிப் பிள்ளைகள் படிக்கிறார்கள்?"

குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்வி. பல சமயம் "தரம்" என்ற பேச்சுக்குள் இருப்பது இதுதான். 2023 செப்டம்பரில் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் காலை உணவைச் சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகச் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் நேரில் போய் அங்கேயே சாப்பிட்டார்கள். செய்தியில் வந்தது இவ்வளவு. வராதது எத்தனையோ: காலனிப் பிள்ளைகள் அதிகம் சேர்ந்ததும் மற்ற தெருக்காரர்கள் ஒவ்வொருவராக டி.சி. வாங்கிக்கொண்டு போன பள்ளிகள் இருக்கின்றன. காரணம் கேட்டால் "இங்கிலீஷ்" என்பார்கள்.

பாடம், டீச்சர், கழிப்பறை பற்றி யார் என்ன குறை சொன்னாலும் நான் பதில் தேடுவேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை, இதை ஏற்கவும் மாட்டேன். கேட்பவர் சொந்தக்காரராக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருக்கிறேன். உங்கள் பிள்ளை அந்தப் பிள்ளைகளோடு ஒரே தட்டு வரிசையில் உட்கார்ந்து வளரட்டும்.

கழிப்பறை நாற்றம் தாங்கவில்லை. யாரிடம் சொல்வது?

பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சின்ன விஷயமில்லை இது.

கட்டடம் ஒரு பக்கம், தினசரிச் சுத்தம் இன்னொரு பக்கம். சுத்தமும் தண்ணீரும் பெரும்பாலும் உள்ளாட்சி அமைப்பின் கையில்தான் இருக்கின்றன. தலைமை ஆசிரியர் கையில் ஆளும் இல்லை, பணமும் அதிகம் இல்லை. முதலில் மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். அதன் நகலோடு ஊராட்சித் தலைவரையோ நகராட்சி, மாநகராட்சி என்றால் வார்டு கவுன்சிலரையோ பாருங்கள். கிராமமாக இருந்தால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை நடக்கிறது. "பள்ளிக் கழிப்பறைக்குத் துப்புரவுப் பணியாளர், மோட்டார் பழுது" என்று தீர்மானப் பதிவேட்டில் எழுதவைத்துவிட்டு வாருங்கள். வாயால் சொல்வது காற்றோடு போகும்.

பள்ளி மேலாண்மைக் குழு என்பது பேருக்குத்தானே?

பேருக்கு நடத்தினால் பேருக்குத்தான். கையெழுத்து வாங்க நோட்டு வீட்டுக்கே வரும் ஊர்களும் உண்டு.

சட்டம் சொல்வது வேறு. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது தலைவர் பொறுப்பைப் பிள்ளைகளின் தாய்மாருக்கே கொடுத்தார்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவதும் வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் குழுவின் வேலை. ஆசிரியர் இடம் காலியாக இருந்தபோது இந்தக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை நியமித்ததும் நடந்திருக்கிறது.

எங்கள் குழுவில் முதலில் அம்மாக்கள் பேசவே மாட்டார்கள். ஒருநாள் ஒரு அம்மா, செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர், "எம் புள்ள ரெண்டாவது படிக்குது, எனக்குப் படிக்கத் தெரியாது, அது படிக்குதா இல்லையான்னு நான் எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கூட்டத்தில் எழுந்த எல்லாக் கேள்வியையும்விடப் பெரிய கேள்வி அது. அதன்பிறகு பருவம் முடியும்போது, பிள்ளை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, டீச்சர் முன்னிலையில் உரக்க வாசிப்பது என்று தீர்மானம் போட்டோம். படிக்காத அம்மாவுக்கும் தன் பிள்ளை திக்குகிறதா, சரளமாகப் போகிறதா என்று காதில் கேட்டால் தெரிந்துவிடும். இதைக் கேட்க உங்கள் பள்ளிக்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

டீச்சர் சரியில்லை என்றால்?

முதலில் டீச்சரிடமே பேசுங்கள், வாசலில் நின்று கத்தாமல். பிறகு தலைமை ஆசிரியர், மேலாண்மைக் குழு, வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் என்று படிப்படியாக. பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் இருக்கிறது. அடித்தால், கேவலமாகத் திட்டினால் இந்தப் படிக்கட்டு தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு இரண்டையும் தடை செய்கிறது; குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லலாம்.

ஆசிரியர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளி விவரங்களைப் பதியும் எமிஸ் செயலியில் வருகைப்பதிவு, இலவசப் பொருள் பதிவு, அதற்கொரு படிவம், இதற்கொரு படிவம் என்று நாளில் நிறைய நேரம் போனில் போகிறது. அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் வாட்ஸ்அப் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டத்தின் 27-ஆவது பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு வெளி வேலைகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. டீச்சரை வகுப்பில் இருக்கவிடுங்கள் என்று அதிகாரிகளிடம் பெற்றோர் கேட்டால் அது எடுபடும்.

டீச்சர்களே தங்கள் பிள்ளையைத் தனியாரில்தானே சேர்க்கிறார்கள்?

பலர் அப்படித்தான். எனக்கும் அது வருத்தம். தன் பிள்ளையைத் தான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே சேர்த்த ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அந்தப் பள்ளிகளைத் தேடிப் போய்ச் சேருங்கள்.

7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் இருக்க வேண்டுமா?

வேண்டாம். மருத்துவப் படிப்புக்கு 2020-லும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-லும் வந்த ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிப் பெண்களுக்குத் தரும் மாதம் 1,000 ரூபாய்க்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. அதற்காக மட்டும் இப்போதே தொடக்கப்பள்ளியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஆர்.டி.இ.-யில் (கல்வி உரிமைச் சட்டத்தில்) தனியார் இடம் கிடைத்தால் விட்டுவிடலாமா?

உங்கள் விருப்பம். தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம், எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணத்தை அரசு கட்டும். வேன், சீருடை, ஆண்டு விழா என்று மற்ற செலவுகள் உங்கள் தலையில் விழும்; சேரும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எட்டாவது முடிந்ததும் என்ன செய்வீர்கள் என்றும் இப்போதே யோசியுங்கள். 2025-26-இல் ஒன்றிய அரசின் நிதி வராததால் தமிழ்நாட்டில் இந்தச் சேர்க்கை பல மாதம் தள்ளிப்போனது. அதையே நம்பி ஜூன் மாதம் பிள்ளையை வீட்டில் உட்காரவைக்காதீர்கள்.

தனியாரிலிருந்து நடுவில் ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாமா? ஃபீஸ் பாக்கி இருப்பதால் டி.சி. தர மறுக்கிறார்கள்.

தாராளமாக மாற்றலாம். கொரோனா காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாற்றினார்கள். டி.சி. வரத் தாமதம் என்பதற்காக அரசுப் பள்ளி பிள்ளையைச் சேர்க்காமல் இருக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு சொல்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். டி.சி. என்பது கட்டண பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பள்ளி தகராறு செய்தால் இதைச் சொல்லி மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

மாற்றுகிற நாளில் பழைய பள்ளி நோட்டுகளைத் தூக்கிப் போடாமல் புதிய டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்தில் இடைவெளி இருக்கும், எந்த எழுத்துகளில் தடுமாறுகிறது என்று முதல் வாரத்திலேயே டீச்சருக்குத் தெரிந்தால் அடுத்த பருவத்துக்குள் சரிசெய்துவிடுவார்.